வசனம் ஒரு வழி, கொட்டேஷன் ஒரு வழி

14 ஜூலை 2025, திங்கள்

இந்தப் பக்கங்கள் யார் கையில் கிடைத்தாலும், தயவுசெய்து மூடி எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். படித்தே ஆகவேண்டும் என்றால் படியுங்கள். ஆனால் என் அப்பாவிடம் காட்டாதீர்கள். என் ஸ்கூலில் காட்டாதீர்கள். யாரிடமும் வேண்டாம். அம்மாவிடம் காட்டிப் பயனில்லை, அம்மாவால் இப்போது படிக்க முடியாது.

இது கெமிஸ்ட்ரி நோட்டின் பின்பக்கம். அப்பா இதைத் திறக்கமாட்டார். கெமிஸ்ட்ரி என்றால் என்னைவிட அவருக்குத்தான் பயம்.

அம்மாவுக்குச் சனிக்கிழமை ஆபரேஷன் ஆனது. வலது கண்ணில் விழித்திரை பிரிந்துவிட்டதாம். உள்ளே ஒரு வாயுக் குமிழி வைத்திருக்கிறார்கள். அது விழித்திரையை அழுத்திப் பிடிக்க, இரண்டு வாரம் முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். சாப்பிடும்போதும், தூங்கும்போதும். அப்பா இரண்டு தலையணைகளை நடுவில் இடம் விட்டுச் சேர்த்துக் கட்டியிருக்கிறார். அந்த இடைவெளியில் அம்மாவின் முகம். இடது கண்ணுக்குத் தெரிவதெல்லாம் எங்கள் வீட்டு டைல்ஸும், வந்து போகிறவர்களின் பாதங்களும்தான்.

"நகத்தை வெட்டுடி. பருந்து நடந்து வர மாதிரி இருக்கு" என்றாள் இன்று. சிரித்துவிட்டேன். அம்மாவும் தலையணைக்குள் சிரித்தாள்.

ஸ்கூல் விட்டு வந்ததும் அம்மாவின் லேப்டாப்பைத் திறந்து வந்த மெயில்களைப் படித்துக் காட்டுவது என் வேலை. படிக்க மட்டும்தான். எதையும் தொடக்கூடாது என்று மூன்று தடவை சொல்லியிருக்கிறாள்.

இன்று சாம்பசிவன் சார் போன் செய்தார். திருமுடிவாக்கத்தில் பிரஸ் ஷாப் வைத்திருக்கிறார், தகடு வெட்டி வாஷர் செய்கிற இடம். அவர் கம்பெனி மெயில்கள் அம்மாவின் சர்வர் வழியாகத்தான் போகும். போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மாவின் முகத்துக்குக் கீழே தரையில் வைத்தேன்.

"இன்னா மேடம், நான் அனுப்பிச்ச கொட்டேஷன் மூணும் திரும்பி வந்துகினு கீது. நீ அனுப்பவே இல்லைன்றான் பார்ட்டி. பேஜாரா கீது மேடம்."

திரும்பி வந்த மெயிலைப் படிக்கச் சொன்னாள் அம்மா. எங்கள் சர்வரின் ஐ.பி. முகவரி பிளாக்லிஸ்டில் இருக்கிறது என்று எழுதியிருந்தது. மறுபடியும் ஒரு தடவை படிக்கச் சொன்னாள்.

15 ஜூலை, செவ்வாய்

சர்வர் என்றால் எங்கள் வீட்டுக்குள் ஏதோ பெரிய பெட்டி இருக்கிறது என்று என் வகுப்புத் தோழி கிறிஸ்டி நினைத்துக்கொண்டிருக்கிறாள். முன்பு இருந்ததாம். 2015இல் முடிச்சூரில் தண்ணீர் வந்தபோது, கட்டில்மேல் ஏற்றி வைத்தும் நனைந்துபோனது. இப்போது இருப்பது மும்பையில் எங்கோ, வாடகைக்கு. அம்மா இங்கே உட்கார்ந்தபடி அதைத் திறந்து பார்ப்பாள்.

நான் எல்.கே.ஜி. படிக்கும்போது வேலையை விட்டுவிட்டு அம்மா இதை ஆரம்பித்தாள். ஏழு சின்னக் கம்பெனிகள். அதோடு எங்கள் சர்ச் சபையின் பைபிள் வசனம். அப்பா தாம்பரத்தில் ஒரு காலேஜ் ஆபீஸில் வேலை பார்க்கிறார், சபைக்குச் செயலாளர். தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு அன்றைய வாக்குத்தத்த வசனம் 3,900 பேருக்கு மெயிலில் போகும். அதற்கு அம்மா எதுவும் வாங்குவதில்லை. அது என் காணிக்கை என்பாள்.

வசனமும் கொட்டேஷனும் ஒரே ஐ.பி.யிலிருந்துதான் போகின்றன. வாங்குகிற சர்வர்கள் ஆளைப் பார்ப்பதில்லை, அந்த எண்ணைத்தான் பார்க்கின்றன. அந்த எண்ணிலிருந்து வேண்டாத மெயில் வந்தால் எண்ணையே தடுத்துவிடும். பிறகு சாம்பசிவன் சாரும் வெளியேதான் நிற்க வேண்டும்.

இதெல்லாம் அம்மா எனக்குச் சொன்னதில்லை. டைல்ஸைப் பார்த்து அப்பாவிடம் சொன்னாள். அப்பா தலையாட்டினார். அவர் தலையாட்டியது அம்மாவுக்குத் தெரிந்திருக்காது.

16 ஜூலை, புதன்

 எழுத்து இன்று கிறுக்கலாகத்தான் இருக்கும்.

திரும்பி வந்த வசன மெயில்களைப் படிக்கச் சொன்னாள். நூற்றுக்கணக்கில் இருந்தன. அந்த முகவரியில் ஆள் இல்லை, இந்தப் பெட்டி மூடப்பட்டது. ஞானதீபம்1949 என்று ஒரு முகவரி. அதைப் பார்த்ததும் வாய் நின்றுவிட்டது. அதை எனக்குத் தெரியும். நான்தான் அதை டைப் செய்தேன்.

மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளியில் ஒரு போட்டி வைத்தார்கள். வசனம் அனுப்ப யார் அதிக மெயில் முகவரி கொண்டுவருகிறார்கள் என்று. கிறிஸ்டி வெயிலில் வீடு வீடாகப் போய் அறுபத்தொன்று கொண்டுவந்தாள். நான் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து சபையின் நூற்றாண்டு மலரைப் பிரித்தேன். 2009இல் அச்சடித்தது. கடைசி இருபது பக்கம் அங்கத்தினர் விலாசம், மெயிலோடு. 412 பேர். இரண்டே நாளில் முடித்தேன். அப்பா அப்படியே பட்டியலில் சேர்த்துவிட்டார்.

எனக்கு நீல ஜிப் வைத்த வேதாகமம் கிடைத்தது. உள்ளே என் பெயருக்குக் கீழே, போதகரின் மனைவி ஆயரம்மாவின் கையெழுத்தில்: "உண்மையான உழைப்புக்கு."

பதினாறு வருஷத்துக்கு முந்தைய முகவரிகள். நெட்டில் தேடிப் பார்த்தேன். அப்படிக் கைவிட்ட முகவரிகளில் சிலதை மெயில் கம்பெனிகள் பொறியாகவே வைத்திருக்குமாம். அதற்கு மெயில் அனுப்புகிறவன் யாரிடமும் கேட்டு அனுப்புகிறவன் இல்லை என்று அர்த்தம். உடனே பிளாக்லிஸ்ட்.

நான்தான். வேற யாரும் இல்ல. நான்தான் பண்ணேன்.

17 ஜூலை, வியாழன்

சொல்லத்தான் போனேன். வாசலில் நின்றபோது அம்மா அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஜூன் கடைசியில எழுத்தெல்லாம் வளைஞ்சு வளைஞ்சு தெரிஞ்சுதுங்க. அந்தக் கண்ணோட புது ஐ.பி. போட உட்கார்ந்தேன். எங்கேயோ ஒரு வரியைத் தப்பா மாத்தி வச்சிருக்கேன். எதுன்னு எனக்கே தெரியல."

அப்பா சமாதானம் சொன்னார். அம்மா கேட்கவில்லை. ஒரு புள்ளி தவறினால் ஏழு பேர் பிழைப்பு நிற்கும், இனி இந்தக் கண்ணை நம்பி உட்கார முடியாது, மாதக் கடைசியில் எல்லோரையும் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடலாம் என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், பால் பாக்கெட்டை நிறுத்தச் சொல்வது மாதிரி.

அப்பா வெளியே வந்து என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். அம்மாவைப் பதற வைக்கக்கூடாது, அழ விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம்.

அப்படியென்றால் எப்படிச் சொல்வது? சொன்னால் அழுவாள். சொல்லாவிட்டால் தன் கண்ணையே குற்றம் சொல்லிக்கொண்டு கிடப்பாள். இயேசப்பா, எது?

18 ஜூலை, வெள்ளி

பொய் சொல்லும்போது நான் கால் கட்டைவிரலை மடக்குவேனாம், சின்ன வயதிலிருந்து. நான் நின்றால் அம்மாவுக்கு இப்போது தெரிவது கால் மட்டும்தான். ஸ்கூல் சாக்ஸைக் கழற்றாமலே உள்ளே போனேன்.

"வீட்டுக்குள்ள எதுக்குடி சாக்ஸ்?"

"குளிருதும்மா."

ஜூலை மாதம். தாம்பரத்தில்.

19 ஜூலை, சனி

செய்துவிட்டேன்.

மதியம் அப்பா கமிட்டிக்குப் போனார். அம்மா தூங்கினாள். அம்மாவின் டயரி லேப்டாப் பைக்குள் இருந்தது. ஜூன் 27க்குப் பிறகு எழுத்து பெரிது பெரிதாகி, வரிகள் வலது பக்கம் சரிந்து இறங்கியிருந்தன. அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு படித்தேன்.

இரண்டு புது ஐ.பி. வாங்கியிருக்கிறாள். "பழையது: வசனம் மட்டும். இரண்டாவது: கம்பெனிகள். மூன்றாவது: பத்திரம், தொடக்கூடாது." ஒவ்வொரு ஐ.பி.க்கும் தனிப் பெயர் வைக்க வேண்டும், எண்ணைக் கேட்டால் அந்தப் பெயரும் பெயரைக் கேட்டால் அந்த எண்ணும் வர வேண்டும். இந்த எண்ணெல்லாம் எங்களுடையதுதான் என்று கம்பெனிகளின் பதிவிலும் சேர்க்க வேண்டும். இதற்கெல்லாம் டிக் போட்டிருந்தாள். நானும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். அம்மா ஒரு புள்ளிகூடத் தவறவிடவில்லை. ஒன்றுகூட.

மிச்சம் இருந்தது கடைசி வேலை: ஒவ்வொரு ஐ.பி.க்கும் சர்வரில் தனி வாசல் எழுதுவது, எந்த அனுப்புநருக்கு எந்த வாசல் என்று ஒரு அட்டவணை போடுவது. பழைய ஃபைலைப் பிரதி எடுத்து வைத்தேன். பிறகு நெட்டில் பார்த்துப் பார்த்து எழுதினேன், மொத்தம் பதினான்கு வரிகள். சாம்பசிவன் சார் கம்பெனிக்கும் மற்ற ஆறுக்கும் இரண்டாவது வாசல். அம்மாவின் சொந்தக் கம்பெனிக்கும் அதே. சபைக்குப் பழையது.

சர்வர் மறுபடி எழுந்தது. 

20 ஜூலை, ஞாயிறு

காலை ஐந்தேகாலுக்கு விழித்து ஹாலுக்குப் போய்ப் பார்த்தேன். வசனம் எல்லாம் இரண்டாவது ஐ.பி. வழியாகப் போய்க்கொண்டிருந்தது. புது ஐ.பி.யில், முதல் நாளே, என் 412 பேரோடு சேர்ந்து.

ஏன் என்று புரிய பத்து நிமிஷம் ஆயிற்று. வசன மெயிலில் மேலே தெரிவது சபையின் பெயர். ஆனால் திரும்பி வந்தால் தன்னிடம் வரட்டும், அப்பாவுக்குத் தொல்லை வேண்டாம் என்று, உள்ளே தெரியாத இடத்தில் அம்மா தன் கம்பெனி முகவரியைப் போட்டிருக்கிறாள். கண்ணில் படுகிற அனுப்புநர் வேறு, திரும்பி வரவேண்டிய விலாசம் வேறு. சர்வர் பார்ப்பது இரண்டாவதை. நான் பார்த்தது முதலாவதை.

நிறுத்தினேன். அதற்குள் 1,140 போய்விட்டன. மதியத்துக்குள் இரண்டாவது ஐ.பி.யையும் ஒரு பெரிய மெயில் கம்பெனி தடுத்துவிட்டது.

ஆராதனை முடிந்ததும் மூன்று பேர் அப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள். இன்றைக்கு வசனம் வரவில்லையே, செயலாளர்? ஒரு ஆன்ட்டி, வசனம் வராததால் தோசைக்கல்லே சூடாகவில்லை என்றார். அப்பா சிரித்துச் சமாளித்தார். "சீலிக்குக் கண்ணு சரியில்ல பாருங்க, அதான்."

இதுவும் அம்மாவின் கண்மேல் போய் விழுந்தது.

21 ஜூலை, திங்கள்

சாயங்காலம் டியூஷனுக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். வசனத்தின் உள் விலாசத்துக்குப் புதிதாக ஒரு பெயர் உண்டாக்கி, அதற்குப் பழைய வாசலைக் காட்டினேன். பட்டியலிலிருந்து என் 412ஐயும் எடுத்தேன். ஏற்கெனவே உயிரில்லாமல் கிடந்த 282ஐயும் எடுத்தேன். 3,206.

வசனம் பெறுவோர் எண்ணிக்கையை அப்பா ஒவ்வொரு காலாண்டு அறிக்கையிலும் சபை முன்னால் நின்று வாசிப்பார். அந்த ஒரு வரிக்கு மட்டும் நிமிர்ந்து பார்ப்பார். ஆகஸ்ட் 3இல் அடுத்த அறிக்கை.

பிளாக்லிஸ்டிலிருந்து நீக்க ஒரு படிவம் இருந்தது. என்ன தவறு நடந்தது, என்ன சரிசெய்தீர்கள் என்று கேட்டது. என் ஆங்கிலத்தில் எழுதினேன்: ஒரு பரிசுக்காகப் பழைய புத்தகத்திலிருந்து முகவரிகளைக் காப்பி அடித்தேன். யாரையும் கேட்கவில்லை. இப்போது நீக்கிவிட்டேன். இது என் அம்மாவின் தவறு இல்லை.

முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன், முகம் தெரியாத ஒரு படிவத்திடம்.

22 ஜூலை, செவ்வாய்

கம்பெனிகளை மூன்றாவது ஐ.பி.க்கு மாற்றினேன். பத்திரம், தொடக்கூடாது என்று எழுதியிருந்ததைத் தொட்டேன். வேறு சுத்தமான எண் இல்லை. அனுப்புவதற்கு முன் அட்டவணையை ஏழு தடவை படித்தேன். உள் விலாசத்தையும்.

23 ஜூலை, புதன்

சாம்பசிவன் சார் போன். "மேடம், போயிட்ச்சு மேடம். மூணும் போயிட்ச்சு. பார்ட்டி ரேட்ட கொறைன்னு பதிலே போட்டுட்டான். கண்ணு எப்படி கீது? நல்லா ரெஸ்ட் எடு மேடம்."

போனைத் தரையிலிருந்து எடுத்தேன். அம்மா சந்தோஷப்படுவாள் என்று நின்றேன்.

"தடை தானா காலாவதி ஆயிருக்கும்" என்றாள். "நான் பண்ண தப்பு அங்கேயேதான் இருக்கும். மறுபடி வரும். மாசக் கடைசியில அவர்கிட்ட சொல்லிடணும் ஜெனி, ஞாபகப்படுத்து."

சர்வரைச் சரிசெய்துவிட்டால் போதும் என்று நினைத்தேனே. சரியாக வேண்டியது சர்வர் இல்லை.

24 ஜூலை, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அம்மாவுக்கு இட்லி ஊட்டி முடித்தேன். குப்புறப் படுத்தவளுக்குக் கீழேயிருந்து ஊட்ட வேண்டும். நான் தரையில் மல்லாக்கப் படுத்து, கையை மேலே நீட்டி. சட்னி எப்போதும் என் நெற்றியில்தான் விழும். அம்மாவும் எப்போதும், "இன்னைக்கும் பொட்டு வச்சாச்சா?" என்று கேட்பாள். இன்றும் கேட்டாள்.

எழுந்து முகம் கழுவினேன். சாக்ஸைக் கழற்றினேன். திரும்பி வந்து அம்மாவுக்குத் தெரிகிற டைல்ஸில் இரண்டு காலையும் வைத்து நின்றேன்.

"அம்மா, கட்டைவிரலைப் பார்த்துக்கிட்டே கேளு."

எல்லாவற்றையும் சொன்னேன். மலர், போட்டி, ஞானதீபம், பதினான்கு வரி, ஞாயிற்றுக்கிழமை, மூன்றாவது ஐ.பி. டயரியில் அவள் எழுதியதில் ஒரு தப்புகூட இல்லை என்பதை இரண்டு தடவை சொன்னேன். விரல் மடங்கவில்லை. நடுங்கியது, ஆனால் மடங்கவில்லை.

 அம்மா கேட்டாள். "எத்தனை?"

"நானூத்திப் பன்னெண்டு."

"நூற்றாண்டு மலர்லேர்ந்தா?"

"ம்."

"அதுல பாதிப் பேர் கல்லறைத் தோட்டத்துல இருக்காங்களேடி. அவங்களுக்கா தினம் காலைல அஞ்சு மணிக்கு வாக்குத்தத்தம் அனுப்பின?"

தோள் குலுங்கியது. தலையணையும் குலுங்கியது. அழுகிறாள், கண் போச்சு, நான்தான் கெடுத்தேன் என்று அப்பாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தம் வராமல், மூச்சு முட்ட.

"சிரிக்காதம்மா, குமிழி—"

"சும்மா இருடி."

அப்புறம் நின்றது. கை தடவித் தடவி வந்து என் இடது பாதத்தைப் பிடித்துக்கொண்டது. ரொம்ப நேரம் விடவில்லை.

"அப்போ என் கண்ணு இல்ல" என்றாள். என்னிடம் இல்லை, டைல்ஸிடம்.

25 ஜூலை, வெள்ளி

நேற்றுச் சிரித்தவள் இன்று திட்டினாள். முகவரிக்காக இல்லை. இரண்டாவது ஐ.பி.க்காக. "புது எண்ணுடி. ஒரு நாள்கூட வாழல அது." பிறகு பதினான்கு வரிகளையும் வாசிக்கச் சொன்னாள். பதினொன்றாவது வரியில் நிறுத்தி, மறுபடி வாசிக்கச் சொல்லி, ம் என்றாள். அந்த ம் எனக்குப் போதும்.

இரண்டாவது ஐ.பி. இரண்டு மாதம் சும்மா இருக்கட்டுமாம். மெயில் கம்பெனிகள் அதை மறந்த பிறகு, ஒரு நாளைக்கு இருபது மெயில் என்று மெதுவாகப் பழக்குவாளாம்.

பழக்குவாளாம். 'வாள்' என்றேன், எதிர்காலம், கவனித்தீர்களா?

அப்பாவிடம் நானே சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டாள். கிறிஸ்டியிடமும்.

26 ஜூலை, சனி

டாக்டர் நிமிரச் சொல்லிவிட்டார். அம்மா இரண்டு வாரத்துக்குப் பிறகு என்னை நேருக்கு நேர் பார்த்தாள். "இதுக்குக் காலே பரவாயில்லையே" என்றாள்.

வலது கண்ணில் பாதித் தண்ணீர் நிற்கிற பாட்டில் வழியாகப் பார்ப்பது போல ஒரு கோடு ஆடுகிறதாம். அது குமிழி. கரையக் கரைய இறங்கும்.

29 ஜூலை, செவ்வாய்

கிறிஸ்டியிடம் சொன்னேன். வேதாகமத்தை நீட்டினேன். "உன் பேர் எழுதின பைபிளை நான் என்ன பண்றது லூசு?" என்றாள். அறுபத்தொரு வீட்டுக்கும் நடந்த செருப்பைக் காட்டி, புதுச் செருப்பு வாங்கிக் கொடு என்றாள். மதியம் என் டிபனில் பாதியையும் எடுத்துக்கொண்டாள். பேசாமல் இருந்துவிடுவாளோ என்றுதான் பயந்தேன்.

31 ஜூலை, வியாழன்

மாதக் கடைசி. நான் ஞாபகப்படுத்தவில்லை. சாம்பசிவன் சார் தானாகவே போன் செய்தார், புது ஆளுக்கு ஒரு மெயில் முகவரி வேண்டும் என்று. அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "நாளைக்குக் காலைல போட்டுத் தரேன் சார். மெதுவாதான் டைப் பண்ணுவேன், பரவாயில்லையா?" அவ்வளவுதான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

2 ஆகஸ்ட், சனி

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நாளை ஞாயிறு. அறிக்கை.

சாப்பிடும்போது அறிக்கையை மேஜைமேல் விரித்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வசனம் பெறுவோர் எண்ணிக்கைக்கு மட்டும் இடம் விட்டு வச்சிருக்கேன். சரியான நம்பர் யாருக்காவது தெரிஞ்சா, படுக்கறதுக்கு முன்னாடி வந்து சொல்லலாம்."

என்னைப் பார்க்கவில்லை. ரசத்தைப் பார்த்தே சொன்னார். அம்மா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

தெரிந்திருக்கிறது. எவ்வளவு தெரியும்? கோபமா? அப்பா கோபப்பட்டால் கத்தமாட்டார், பேசமாட்டார். அதுதான் பயம். 3,206 என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு ஓடி வந்துவிடலாமா? இல்லை. நேரில் போய், சாக்ஸ் இல்லாமல் நின்று சொல்லவேண்டும். இந்தப் பக்கம் முடிந்ததும் போகிறேன்.

யாரோ நடந்து வருகிற சத்தம். அப்பா என்றால் இரண்டு தட்டு தட்டுவார். இது மெதுவாக வருகிறது, சுவரைப் பிடித்துப் பிடித்து. அம்மா தட்டுவதற்கு முன்னால் எப்போதும் வளையல் கதவில் இடிக்கும், அந்தச் சத்தத்தைக் கேட்டு மூன்று வாரம் ஆகிவிட்டது. இதோ, வளையல்.